செங்கல்லுக்குப் பக்கத்தில் நீலம்

கூரை ஷீட் விற்கும் கடையில் அவளுக்கு இருபத்தோரு வருடம். வேலைக்குச் சேரும்போது கொடுத்த பதவிப் பெயர் வேறு ஏதோ. எல்லோருக்கும் அவள் கலரக்கா. செங்கல் வெளியே தெரியக் கட்டிய வீடென்றால், கூரைக்கு என்ன நிறம், மாடிச் சுவரில் அடிக்கும் பலகைக்கு என்ன நிறம் என்று சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

கடைக்குள் உட்கார்ந்தபடி நிறம் கேட்டால் எரிந்து விழுவாள். "டியூப்லைட்ல பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். சுவர்கிட்ட வாங்க" என்பாள். அங்கே போய்ச் செங்கல் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவாள். ஈரத்தில் எழும் கருஞ்சிவப்பு கூரைக்கு. செங்கல்களுக்கு நடுவே ஓடும் சாந்தின் வெளிர் நிறம் பலகைக்கு. அப்புறம் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று, இடுப்பில் கை வைத்துப் பார்ப்பாள். வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் கையைக் காட்டி அடக்கிவிடுவாள். அவ்வளவு திமிர். அவள் தேர்ந்தெடுத்த வீடுகளைப் பார்த்தவர்கள் அந்தத் திமிரைப் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் போன் செய்தார். முந்தின நாள்தான் அவர் வீட்டு மாடிச் சுவரில் பலகை அடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"என்னம்மா இது, பலகை நீலமா இருக்கு? செங்கல்லுக்குப் பக்கத்துல கண்ணை உறுத்துது."

அவள் எழுதிக் கொடுத்தது மணல் கலந்த சாம்பல். கம்பெனிக்காரன்தான் மாற்றி அனுப்பிவிட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் அவனை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

தெருவின் எதிர்ப்பக்கம் நின்று நிமிர்ந்து பார்த்தாள். மணல் கலந்த சாம்பல். அவள் கேட்டது அப்படியே இருந்தது. பெரியவருக்கு வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்தாள். அதற்குள் அவர் மனைவி வெளியே வந்து, "நீலம்தானேம்மா?" என்றாள். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "ஆமா, நல்ல நீலம்" என்று கேட்காமலே சாட்சி சொல்லிவிட்டுப் போனார்.

தெருவைக் கடந்து, வாசலில் அடுக்கியிருந்த மீதிப் பலகைகளிடம் போனாள். பையிலிருந்து நிற அட்டையை எடுத்தாள். பலகையின் எண்ணும் அவள் எழுதிய எண்ணும் ஒன்றுதான். அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் நிறத்தின் பெயர் அச்சாகியிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அதைப் படித்ததே இல்லை; கண் இருக்கும்போது பெயர் எதற்கு? இப்போது எழுத்துக் கூட்டிப் படித்தாள். நீலச் சாம்பல். பக்கத்துக் கட்டத்தில் மணல் சாம்பல். இரண்டையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"அம்மா, அப்பாவோட கறுப்பு பேன்ட்டுக்கு நீல நூல்ல பட்டன் தைச்சிருக்கே" என்று மகள் போன வாரம் சிரித்தது நினைவுக்கு வந்தது. அவளும் கூடவே சிரித்திருந்தாள்.  கண் போனால் தனக்கு வேறு என்ன தெரியும் என்று நினைத்தவள் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். "கண்ணுல புரை இருக்கும்மா. எங்க அக்காவுக்கும் இப்படித்தான், எல்லாம் மஞ்சளடிச்சுத் தெரியும். ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்."

அவள் காதில் அது பாதிதான் விழுந்தது. ஒரே ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக முடித்த மூன்று வீடுகளையும் எல்லோரும் பாராட்டினார்களே. அப்படியானால் இது ஏதோ ஒருநாள் தவறு. வெயில் அசதி. அவ்வளவுதான்.

ஏணிக்குக் கீழே மேஸ்திரி நின்றிருந்தான். பத்து வருடமாக அவளோடு வேலை செய்கிறவன். தன் மகளின் பிரசவத்துக்காக இரண்டு வாரம் லீவில் போய் அன்று காலைதான் திரும்பியிருந்தான்.

"தம்பி, போன மூணு வீடும் சரியாத்தானே வந்துச்சு? நீயே சொல்லு."

அவன் ஏணியின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"சரியாத்தான் வந்துச்சுக்கா."

"அப்புறம் ஏன் முகத்தைப் பாக்க மாட்டேங்கறே?"

"நீங்க எழுதின நம்பரை மாத்தித்தான் அனுப்பினேன். இந்த வீட்டு ஆர்டர் போறப்ப நான் இல்லையேக்கா."

"மூணுமா?"

"ஒன்றரை வருஷமாவே அப்படித்தான். சொன்னா பயந்துடுவீங்கன்னு..."

 வாசலில் நின்றிருந்த டிரைவர் பொறுமையாகத்தான் கேட்டார்: "நடந்தது நடந்துபோச்சும்மா. இப்ப இந்தச் செங்கல்லுக்கு என்ன நிறம் போடணும்? அதைச் சொல்லுங்க."

அவள் எழுந்து சுவரிடம் போனாள். செங்கல்லின் மேல் கையை வைத்தாள். அது சிவப்பாகத்தான் தெரிந்தது.

"தம்பி, இங்க வா" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "இது என்ன நிறம்?"