ஒரு நாளுக்கு ஒரு நாள்: அம்பர்நாத் பக்கம் ஒரு நடவு

தாராவியில் நாற்பது வருஷம் இட்லி விற்றேன். இப்போது ஓய்வு. போன வருஷம் மாலை வகுப்பில் சேர்ந்து தமிழ் எழுதப் படிக்கக் கற்றேன். அதனால் இதை நானே போனில் ஒற்றை விரலால் தட்டுகிறேன். ஒரு பத்திக்கு ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும், எனக்கு என்ன அவசரம்?

ஜூலை மாதம் என் தங்கை மகன் இசக்கிமுத்து போன் செய்தான். அவனுக்கு நகரத்தைத் தாண்டி அம்பர்நாத்தில் கெமிக்கல் கம்பெனி வேலை. அந்தப் பக்கத்து மராத்திப் பெண் சுவாதியைக் கட்டியிருக்கிறான். அவளுடைய அம்மா சுனந்தாவுக்கு அவர்கள் கிராமத்தை ஒட்டிக் கொஞ்சம் நெல் வயல் இருக்கிறது. நாற்று தயார், நட ஆள் இல்லை. இந்த வருஷமும் வயல் சும்மா கிடந்தால் பில்டரிடம் கொடுத்துவிடுவேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம். சுவாதி ஒரே அழுகை.

"வெள்ளிக்கிழமை கம்பெனி லீவு மாமா. கூட வேலை செய்யிற நாலு பேரக் கூட்டிட்டு வாரேன். நீங்களும் வாங்க, ஊர்ல வயக்காட்டுல கெடந்தவருதானே" என்றான்.

சயானில் காலை ஆறரைக்கு ஸ்லோ வண்டி. டிக்கெட் பதினைந்து ரூபாய். கூட்டமெல்லாம் ஊருக்குள் வரும் நேரம் என்பதால் வெளியே போகும் வண்டியில் ஜன்னல் ஓரமே கிடைத்தது. மாட்டுங்காவில் தமிழ்க் கடைப் பலகைகளை நின்று வாசிப்பது இப்போது என் பொழுதுபோக்கு. ஆனால் ஸ்டேஷன் பலகைகளில் தமிழ் கிடையாது. குர்லா தாண்டியதும் பக்கத்தில் இருந்தவரிடம் பழையபடி கேட்டுக்கொண்டுதான் போனேன்.

அம்பர்நாத்திலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு நாற்பது ரூபாய், எட்டு கிலோமீட்டர். வழியெல்லாம் புதுக் கட்டடங்கள், நடுநடுவே பச்சையாய் நாற்றங்கால்கள். டிரைவர் அந்த ஊர்க்காரர்தான். நிலத்தை விற்று இரண்டு ஆட்டோ வாங்கியிருக்கிறார். முன்பெல்லாம் மழை பிடித்ததும் ஊரே சேர்ந்து வீட்டுக்கு வீடு முறை வைத்து நடுவார்களாம். இன்று ஆண்கள் கம்பெனிக்கும், பெண்கள் அந்த உயரக் கட்டடங்களுக்கு வீட்டு வேலைக்கும் போகிறார்கள். மாதச் சம்பளம் வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், அதில் குறையில்லை என்றார். நீங்கள் நடவுக்கு வரவில்லையா என்று கேட்டேன். வந்தால் ஆட்டோவை யார் ஓட்டுவது என்று சிரித்தார்.

வயலில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. மழை தூறுகிறது, நாற்று முடிச்சுகள் வரப்பில் கிடக்கின்றன, நாங்கள் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கப் போகிறோம். சுனந்தா தாயி (மராத்தியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) குறுக்கே வந்து நின்றார்.

"உங்க வயல் எல்லாம் எங்கே இருக்கு?" என்று இந்தியில் கேட்டார்.

எங்கள் யாருக்கும் வயல் இல்லை. கூலி வேண்டாம் என்று அய்யப்பன் என்ற பையன் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது.

"கூலி வாங்கினா வேலையாளு. சும்மா செஞ்சா பிச்சை. எங்க ஊர்ல நீ எனக்கு ஒரு நாள், நான் உனக்கு ஒரு நாள். வயலே இல்லாதவனுக்கு நான் எங்கே போய் நடுறது?"

இசக்கி தலையைச் சொறிந்தான். சுவாதி அம்மாவைக் கெஞ்சினாள். பறித்த நாற்று காத்திருக்காது. அவருக்கும் அது தெரியும், ஆனாலும் நகரவில்லை.

அப்போது இசக்கியோடு வந்த பீகார்க்காரர் ராம்பிரவேஷ் மெதுவாகச் சொன்னார்: "என் வீட்டுக்காரிக்கு அடுத்த மாசம் பிரசவம். இங்கே எங்களுக்குப் பெரியவங்க யாரும் இல்லை."

தாயி அவரைப் பார்த்தார். "நான் வர்றேன். நீ இறங்கு."

அவ்வளவுதான், பூட்டு திறந்துவிட்டது. அய்யப்பன் ரூம் மாற்றப் போகிறான், சாமான் கட்ட ஆள் வேண்டும். ஒருவர் வீட்டில் கல்யாணச் சமையல். இன்னொருவருக்கு மிளகாய்ப்பொடி இடிக்க வேண்டும். என் முறை வந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. தீபாவளி முறுக்கு என்று உளறினேன். "சக்லிதானே? நல்லா வரும் எனக்கு" என்று வழிவிட்டார்.

எங்கள் ஊரில் நாற்று பறிப்பது ஆண்கள், நடுவது பெண்கள். நான் வாழ்நாளில் நட்டதில்லை. தாயி என் வரிசையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இட்லித் தட்டுல மாவு ஊத்துறீங்களா? இவ்வளவு இடைவெளி எதுக்கு?" என்றார். எல்லோருக்கும் சிரிப்பு. பாதியைப் பிடுங்கி அவரே திருப்பி நட்டார். இருட்டுவதற்குள் வயல் முழுவதும் முடிந்தது. இடுப்பு இரண்டு நாள் பேசியது.

நகரம் வளர்ந்து வயலிலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டது உண்மை. அந்த வெள்ளிக்கிழமை அதே நகரத்திலிருந்துதான் ஆட்கள் போனோம். எனக்கு அதில் சந்தோஷம்.

போக விரும்புகிறவர்கள் ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை போங்கள். மாற்றுத் துணியும் பிளாஸ்டிக் பையும் வேண்டும், செருப்பு வேண்டாம். காசை நீட்டாதீர்கள். உங்கள் வீட்டில் என்ன வேலை என்று கேட்டால் சொல்ல ஒன்றை யோசித்து வையுங்கள், ஏனென்றால் தாயி சொன்னபடி வந்து நிற்பார்.

ராம்பிரவேஷ் வீட்டுப் பிரசவத்துக்குத் தாயி போனார், பெண் குழந்தை. தீபாவளிக்கு முன் எங்கள் வீட்டுக்கும் வந்தார். முறுக்கின் கனம் எவ்வளவு என்று என் மனைவிக்கும் அவருக்கும் நாள் முழுக்க வாக்குவாதம். சாயங்காலம் கிளம்புவார் என்று பார்த்தால் தங்கிவிட்டார். மறுநாளும் மாவு பிசைந்தார். ஒரு நாள்தானே பேச்சு என்று கேட்டேன்.

"தெரியும். இப்ப ஒரு நாள் உங்க மேல நிக்குது. அடுத்த மழைக்கு வந்து நட்டுக் கழிச்சுடுங்க அண்ணா" என்றார்.