நான் வாசித்துச் சொன்ன நோட்டீஸ்

நனைந்த சிமெண்டின் வாசனையில் பச்சைச் சுண்ணாம்பும் துருப்பிடித்த இரும்பும் கலந்த ஒரு குளிர்ச்சி உண்டு. அது மூக்கோடு நிற்காமல் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்குப் பத்து வயதில் வீட்டு வாசனை என்றால் அதுதான். பிழைக்கப் போன மலையாள ஊரில், தம்பானூருக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒன்பது மாடி எழும்பி அதற்குமேல் எழும்பாமல் நின்றுபோன ஒரு பிளாட் கட்டடத்தில்தான் நாங்கள் இருந்தோம். இருந்தோம் என்றால் விலைக்கு வாங்கி அல்ல. அப்பா அங்கே கொத்தனார். வேலை நின்றதும் மற்றவர்கள் எல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வள்ளியூருக்கும் நாங்குநேரிக்கும் பஸ் ஏற, சூப்பர்வைசர் அப்பாவை மட்டும் காவலுக்கு நிற்கச் சொன்னார். கீழே சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்த அறை எங்களுக்கு வீடானது. கட்டடம் முடிந்தால் அப்பாதான் நிரந்தரக் காவல்காரர், பின்பக்கம் குளியலறையோடு ஓர் அறையும் உண்டு என்று வாய்ப்பேச்சாக ஓர் உறுதியும் இருந்தது. அம்மா அந்த அறைக்கு அப்போதே மனசுக்குள் அடுப்பு போட்டுவிட்டாள்.

சூப்பர்வைசர் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது, "வார்ப்பு உணங்காதெ நோக்கணும், கேட்டோ. ஞான் பறயும் வரெ வெள்ளம் ஒழிக்கணும்." மேல்தளத்தில் புதிதாகப் போட்ட காங்கிரீட்டைத்தான் "வார்ப்பு" என்பார்கள், அது காய்ந்து வெடிக்காமல் இருக்க, வயலில் வரப்பு கட்டுவதுபோல் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று வாரம் நனைத்தால் போதும் என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் சொல்லும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றவர் திரும்பி வரவே இல்லை, அதனால் நிறுத்தச் சொல்லவும் ஆளில்லை. மாதக்கணக்கில் அப்பா கிணற்றிலிருந்து குடம் குடமாக ஒன்பது மாடிக்கும் தண்ணீர் சுமந்தார். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போதும் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு ஏறுவார். "மழையில நனைஞ்சுக்கிட்டே மாடிக்குத் தண்ணி ஊத்துத ஆளை எங்கயாவது பார்த்திருக்கியா?" என்று அம்மா என்னிடம் கேட்பாள். அப்பா அடுத்த குடத்துக்குப் போய்விடுவார்.

நானோ அந்தக் கட்டடத்தை மாடி மாடியாக அளந்துகொண்டிருந்தேன். கதவில்லாத நிலைகள், லிப்டுக்காக விட்டிருந்த இருட்டுக் குழி, நாலாவது மாடி முழுக்கப் புறா, ஆறாவது மாடிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த தரை ஓடு மாதிரிகள், சுவர்களில் யாரோ கரியால் எழுதிய கூட்டல் கழித்தல்கள். வாசலில் நின்ற பெரிய போர்டில், இந்தக் கட்டடம் முடிந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு படமும் அதன் முன்னால் சிரிக்கிற ஒரு குடும்பமும் இருந்தது. வெயில் சிவப்பையும் மஞ்சளையும் முதலில் தின்றுவிட்டதால், அப்பா அம்மா பிள்ளை மூன்று பேரும் நீலமாய் நின்று சிரித்தார்கள்.

என் பைத்தியமெல்லாம் இரண்டாவது மாடியில் இருந்த "மாடல் பிளாட்"மேல்தான். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அது ஒன்றை மட்டும் முழுசாக முடித்து வைத்திருந்தார்கள். சாவி அப்பாவிடம் இருந்தது; வாரத்துக்கு ஒருமுறை பெருக்குவது என் வேலை. உள்ளே சோபா, மேசை, தட்டு நிறைய மெழுகு ஆப்பிள். டிவியைத் தொட்டுப் பார்த்தால் அட்டைப்பெட்டி. அலமாரியில் வரிசையாகப் புத்தகங்கள். இழுத்தால் எல்லாம் ஒட்டி வைத்த முதுகுகள், உள்ளே ஒரு தாள்கூடக் கிடையாது. ஒரு காலத்தில் காரில் வந்திறங்கி, குளிர்பானம் குடித்தபடி இதையெல்லாம் பார்த்து ஆசைப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். நான் பார்த்தபோது திரைச்சீலையில் பூஞ்சை ஏறி, சோபாவின் ஒரு காலைச் செல் அரித்திருந்தது. ஆனால் கடைசி அறை ரோஜா நிறம். சின்னக் கட்டில், ஜன்னலோரம் சின்ன மேசை. அந்த அறை எனக்கென்றே கட்டியது என்று நான் முடிவு செய்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான் வீட்டுப்பாடம்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சாயங்காலம் ஜீப்பில் வந்த இரண்டு பேர், கேட்டில் ஒரு நோட்டீசை ஒட்டிவிட்டுப் போனார்கள். மலையாளத்தில் இருந்தது. அப்பாவுக்குக் கையெழுத்து போட மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. ரேஷன் கடைத் தாளோ ஆஸ்பத்திரிச் சீட்டோ, எது வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். "மலையாளம் என் மவளுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அம்மா போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். அன்றும், "ஏட்டி, என்ன போட்டிருக்குன்னு படி" என்று அப்பா என்னைக் கேட்டின் முன்னால் நிறுத்தினார்.

கட்டடம் ஜப்தி செய்யப்பட்டது, இனி வேலை எதுவும் நடக்கக் கூடாது, உள்ளே இருப்பவர்கள் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எனக்கு நன்றாகவே புரிந்தது. ரோஜா அறைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டே நான் படித்தேன்: "பணி உடனே தொடங்கும். காவலுக்கு இருக்கிறவங்க இடத்தை விட்டுப் போகக் கூடாது." அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தைத் தூக்கினார். அம்மா அன்று பாயசம் வைத்தாள். நானும் வாங்கிக் குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்குக் கூடப் பிறந்தது அவர் ஒருவர்தான். அம்மாவைவிட மூத்தவர், மேஸ்திரி; மலையாளம் படிக்க அவருக்கும் தெரியாது. "கம்பெனி முங்கிப் போச்சு மாப்ள. ஊரெல்லாம் பேச்சா இருக்கு. நம்ம பக்கத்துல வீடு பார்த்து வச்சுட்டேன், வேலையும் சொல்லியாச்சு. கிளம்புங்க" என்றார். இலை போட்டு, மீன் குழம்பும் ஊற்றியாயிற்று. அம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"கேட்டுல ஒட்டியிருக்கத என் பிள்ளை படிச்சுச் சொல்லிட்டா. வேலை தொடங்கப் போவுது. நாங்க நல்லா இருக்கது உனக்குப் பொறுக்கலையா அண்ணே?"

மாமா என்னைப் பார்த்தார். "நெசமாவே அப்படித்தான் போட்டிருக்காட்டி?"

"ஆமா மாமா" என்றேன்.

"இப்பத் தெரிஞ்சுதா, யாரு பொய் சொல்லுதான்னு?" என்றாள் அம்மா.

மாமா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அப்பா கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தங்கை வீட்டு இலையிலிருந்து அண்ணன் பாதியில் எழுந்து போவது எங்களுக்குள் சின்ன விஷயமில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு, அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் இருந்தது. அந்த "அப்பாடா"வை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

சில வாரங்களில் ஆட்கள் வந்து எங்கள் சட்டிபானையை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கேட்டைப் பூட்டினார்கள். பணக்காரர்கள் பேச்சு மாறிவிட்டார்கள் என்று அம்மா திட்டித் தீர்த்தாள். என்மேல் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. கரமனையில் ஆற்றோரம் ஓர் ஒற்றை அறைக்குப் போனோம். அப்பா கிடைத்த வேலைக்குப் போனார். நான் வயசுக்கு வந்தபோது, "அன்னைக்குத் தெரியாம சொல்லிட்டேன், சடங்குக்கு வந்து நில்லு அண்ணே" என்று அம்மா இரண்டு முறை ஆள் விட்டாள். தாய்மாமன் புடவை கொண்டுவந்து மாலை போட வேண்டிய இடத்தில், முறைக்கு மாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நின்றார். அம்மா வந்தவர்களுக்குப் பந்தி விசாரித்துக்கொண்டே இருந்தாள், நடுநடுவே வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள். மாமா சாகக் கிடந்தபோது அவள் மட்டும் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இப்போது நான் இதே ஊரில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். மலையாளத்தில் நோட்டீசு எழுதுவதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்தக் கட்டடம் யாரும் தொடாமல் ஆலங்கன்று முளைத்து, வருஷக்கணக்கில் அப்படியே நின்றது. பஸ்ஸில் போகும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். போன மாதம் அதை இடித்தார்கள். மஞ்சள் இயந்திரம் ஒன்று இரண்டாவது மாடியைக் கடிக்கும்போது, தூசிக்கு நடுவில் ஒரு சுவர் ரோஜா நிறத்தில் கொஞ்ச நேரம் தெரிந்து விழுந்தது. இப்போது அங்கே வெறும் தரை. கார் நிறுத்துகிறார்கள்.

அந்தச் சுவர் விழுந்த அன்று ஆபீசிலிருந்து நேரே வீட்டுக்குப் போய், அப்பாவும் அம்மாவும் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா, "அடிப்பாவி! அதுக்குப் பெறவும் அத்தனை மழையில நான் குடம் சுமந்தேனே!" என்று சிரிக்க ஆரம்பித்தார். அம்மா சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்கண்ணன் அன்னைக்கே சந்துமுனை சாயாக்கடைக்காரனைக் கூட்டிட்டு வந்து அந்த நோட்டீசைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் பஸ் ஏறியிருக்கான். சாகக் கிடக்கையில சொன்னான். பிள்ளைகிட்ட கேட்டுராதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்."

நான் கேட்டேன்: "அப்ப மாமா சொன்னதிலிருந்தே உனக்குத் தெரியுமாம்மா?"

"நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்ட்டி" என்றாள் அம்மா. "கட்டடத்தையே இடிச்சுட்டான். இப்பத்தான் உனக்கு வாய் வந்துதா?"