ஜெலுத்தோங் மரத்து முனியாண்டி

போன ஞாயிறு லோபாக் சந்தையில் காய்கறி வாங்கப் போனேன். லக்சா நூடுல்ஸ் குழம்புக்குப் போடும் காந்தான் பூவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனதுதான் தாமதம், லாபு தோட்டத்து ஓடைக்கரை வந்துவிட்டது. அங்கே அது கேட்பாரற்று மண்டிக் கிடக்கும். இப்போது கட்டு வைத்து விற்கிறார்கள்.

அந்த ஓடைக்கரையில்தான் என் முதல் வேலை. எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக்கு நடுவே, சரிவான நிலம் என்று யாரும் அழிக்காமல் விட்ட ஒரு துண்டு மழைக்காடு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகள் அதில் இருந்தன. அவற்றைக் காப்பாற்ற எங்கோ ஒரு குளிர்தேசத்து அமைப்பு பணம் கொடுத்தது. எனக்கு முருங்கையையும் ரம்புத்தானையும் தவிர வேறு மரம் தெரியாது. கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள்.

நாற்றுப்பண்ணை பாக்கியம் அக்காவின் பொறுப்பு. தோட்டத்தில் உரம் போட்டுக்கொண்டிருந்தவர். எங்களிடம் வந்து கன்று வளர்த்து, காட்டில் வெறுமையாகக் கிடந்த இடங்களையெல்லாம் நிரப்பினார். ஒரு கன்று பட்டுப்போனால் அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டார். சம்பளத்துக்கு வந்த இடத்தில் இவ்வளவு பாசம் எதற்கு என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒருநாள், பணம் நிற்கப்போகிறது என்றார்கள். உடனே தோட்டத்து மண்டபத்தில் கூட்டம். நாங்கள் போன பின்னும் காடு நிற்க வேண்டுமாம். எப்படி என்பதை நாங்களே கண்டுபிடிக்க வேண்டுமாம். எங்கள் மேலாளர் செல்வா சார் ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தார். தின்னக் கொடுத்த கறிபாப் பலகாரம் இருந்தவரை குழுவும் இருந்தது. அடுத்து அறிவிப்புப் பலகை, முள்கம்பி என்று ஆரம்பித்தார். அக்கா குறுக்கே வந்தார்.

"போர்டெல்லாம் ரெண்டு நாள்ல பழைய இரும்புக் கடைக்குப் போயிரும் சார். அந்தப் பெரிய ஜெலுத்தோங் மரத்துல செவப்புத் துணி கட்டி முனியாண்டிய உக்கார வைங்க. எவன் பாராங் கத்தியத் தூக்கிட்டு வரான்னு பாப்போம்."

"ரிப்போர்ட்ல இத எப்படிம்மா எழுதறது?"

"எழுதாதீங்க லா."

சார் எழுதவில்லை, தடுக்கவும் இல்லை. அக்கா மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, சூலம் குத்தி, எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்தார். நாங்கள் மேசை நாற்காலிகளை லோரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

நான் தெமியாங்கில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அக்கா அவ்வப்போது போன் செய்வார். மரம் வெட்ட வந்த சீனக் குத்தகைக்காரர் துணியைப் பார்த்ததும் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனாராம். அத்தனை கூட்டம் போட்டும் நடக்காததை ஒரு முழத் துணி செய்தது. எனக்கும் பெருமையாக இருந்தது, நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடவில்லை என்றாலும்.

அப்புறம் நீலாயிலிருந்து வந்த ஒருவருக்கு, மரத்தடியில் வேண்டிக்கொண்டு எடுத்த நாலு நம்பர் லாட்டரி அடித்தது. நேர்த்திக்கடனாகத் தகரக் கூரை போட்டார். கூட்டம் வந்தது. கூட்டத்துக்காகச் சிமெண்டுத் தரை வந்தது, அன்னதானக் கொட்டகை வந்தது, கார் நிறுத்த இடமும் வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் காடு போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கைக் காக்கப் போய்ச் சாமியாய் முடிந்தது.

சந்தையில் முகர்ந்த பூவின் வாசம் சும்மா விடவில்லை. மறுநாளே லாபுவுக்குப் போனேன். சரிவு முழுக்க நிரவி டைல்ஸ் பதித்திருந்தார்கள். ஓடை குழாய்க்குள் போயிருந்தது. குரங்குகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெலுத்தோங் மட்டும் மாலை போட்டுக்கொண்டு நின்றது. அக்கா அங்கேதான் இருந்தார்.

"நீங்க கேக்கலியாக்கா?"

"கேக்காம இருப்பேனா தம்பி? சாமிக்குத்தானேங்கறானுங்க. வெட்ட வரவன தடுக்கத்தான் சாமிய வெச்சேன். சாமிக்குன்னு வெட்டறவன என்னா சொல்லித் தடுக்கறது?"

காற்று கொஞ்சம் பலமாக வீசியது. மரத்திலிருந்து இறக்கை வைத்த விதைகள் சுழன்று சுழன்று டைல்ஸ் தரையில் விழுந்தன. பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா துடைப்பத்தை எடுத்து, ஒன்று விடாமல் கூட்டி அள்ளினார்.