எங்கே நோகிறது என்று காட்டித் தா

சகோதரிகளே, இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மலத்தைப் பற்றிய கதை. ஆனால் அல்லாஹ் எனக்குச் செய்த உதவி அதில்தான் இருந்தது. மறைத்தால் நான் நன்றி கெட்டவள்.

என் மகள் ஹனாவுக்கு ஏழு வயது. ஓட்டிசம். பேச்சு இல்லை. போன வருடம் வயலில் வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு அவளுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை உடுப்போடு தண்ணீராகப் போகத் தொடங்கியது. கூடவே அலறல். தன் கையைத் தானே கடித்தாள். தலையைச் சுவரில் முட்டினாள். நான் கழுவிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஊர் நிந்தவூரில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. மாமி கொய்யாக் கொழுந்து அரைத்துத் தந்தார். பக்கத்து வீட்டு ராத்தா மாதுளந்தோல் அவித்துத் தந்தார். ஒருவர் பாலை நிறுத்து என்றார், இன்னொருவர் பாண் ரொட்டியை நிறுத்து என்றார். வயிற்றை இளக்கும் என்று பழத்தையும் கீரையையும் நானே நிறுத்தினேன். மருந்தெடுக்கப் போன இடத்தில், "ஓட்டிசப் புள்ளைகள் இப்பிடித்தான்" என்று நிமிர்ந்து பார்க்காமலே மருந்துத் துண்டு எழுதினார்கள். அலறினாலும் ஓட்டிசம், கடித்தாலும் ஓட்டிசம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சபுர் செய் புள்ள, பொறுமையா இரி" என்றார் என் கணவர்.

"சபுர் செஞ்சி செஞ்சி என்ட கைத்தோல் உரிஞ்சி போச்சி. நீங்க ஒரு நாளைக்குக் கழுவிப் பாருங்க!"

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

அன்று லுஹர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். அழகான துஆ எதுவும் வரவில்லை. சண்டைதான் வந்தது. "யா அல்லாஹ், இந்தப் புள்ளைக்கு நீ பேச்சத் தரல்ல. சரி. எங்க நோகுதெண்டு எனக்காவது காட்டித் தா. இனி எனக்கு ஏலாது."

அடுத்த வாரம் கல்முனைக்குக் கிளினிக் போனோம். வழக்கமான டொக்டர் லீவு. திருக்கோவில் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருவர் இருந்தார், இளம் டொக்டர்.

"கடைசியா எப்ப கட்டியாப் போனவ?"

என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

அவர் கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, அலறிக்கொண்டிருந்த ஹனாவின் அடிவயிற்றில் வைத்தார். அலறல் நின்றது. ஹனா தன் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்து, அதே இடத்தில் இன்னும் அழுத்தினாள். நானும் தொட்டுப் பார்த்தேன். கல்லுப் போல இருந்தது.

"அம்மா, இது வயித்தோட்டம் இல்ல. மலம் இறுகி அடைச்சிருக்கு. அதச் சுத்தித்தான் தண்ணி கசியுது."

நிறுத்துவதற்கென்று நான் கொடுத்ததெல்லாம் என் பிள்ளையை இன்னும் அடைத்திருக்கிறது. அங்கேயே அழுதேன்.

இளக்கும் மருந்து தந்தார்கள். நாலாம் நாள் அடைப்புத் திறந்துகொண்டது. கழிவறைக்குள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லக்கூடாதென்று வெளியே ஓடிவந்து, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினேன். என்னவோ ஏதோவென்று கணவர் ஓடிவந்தார்.

ஓட்டிசம் போகவில்லை. பேச்சும் வரவில்லை. மருந்து இன்னும் கொடுக்கிறோம். ஆனால் கையைக் கடிப்பது நின்றுவிட்டது. எனக்கு இன்றும் எரிச்சல் வரும். வந்தால் அதையும் தொழுகைப் பாய்க்கே கொண்டுபோகிறேன்.

சகோதரிகளே, பொறுமை போன நேரத்திலும் அவனிடம் கேளுங்கள். கோபத்தோடாவது கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் ஒரு டொக்டரைத் தேடிப் போங்கள். "இப்பிடித்தான்" என்று யாராவது சொன்னால், அந்தக் கதிரையை விட்டு எழும்பி வாருங்கள்.