மாமாவைத் திருப்பித் தந்த லலித்பூர் விகாரை

இதை எழுத வேண்டும் என்று ஐந்து வருடமாக நினைக்கிறேன். கொப்பியை எடுத்துக்கொண்டு இருப்பேன், பிறகு மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்தில் பிழை வந்துவிடுமோ என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், "முருகன் அடியாள் எண்டு சொல்லிக்கொண்டு புத்த பிக்குவுக்குப் புகழ் பாடுறா" என்று எங்கள் சனம் கதைக்குமே என்பது. இப்போது அந்தப் பயம் போய்விட்டது. என் முருகன் செய்த காரியத்தைச் சொல்ல நான் ஏன் கூச வேண்டும்? தலை நிமிர்ந்துதான் எழுதுகிறேன்.

1994ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். என் மாமனார் எங்களோடு கனடாவில் அஜின்கோர்ட்டில் இருந்தார். வயது எழுபத்திரண்டு. கண்ணை மூடுவதற்குள் பசுபதிநாதரைக் காண வேண்டும் என்பது அவருடைய ஆசை. நானும் என் கணவரும் லீவைச் சேர்த்து வைத்து அவரை நேபாளத்துக்குக் கூட்டிப் போனோம். புதன்கிழமை தரிசனம் நன்றாகக் கிடைத்தது. மாமா குழந்தை போல அழுதார். வெள்ளிக்கிழமை, காத்மாண்டுவுக்குப் பக்கத்தில் இருக்கும் லலித்பூர் என்ற பழைய பட்டணத்தைப் பார்க்கப் போனோம்.

மலைகளுக்கு நடுவே செங்கல் செங்கலாக அடுக்கின ஊர் அது. செதுக்கின மர யன்னல்கள். ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டிய ஒழுங்கைகள். அங்கங்கே தாழ்வான ஒரு வாசல். குனிந்து பார்த்தால் உள்ளே விகாரை முற்றம், நடுவில் வெள்ளைத் தூபி, புத்தர் சிலை. ஓரமாகப் பிள்ளையாரும் இருப்பார்.

"பாத்தீரோ, பிள்ளையாரும் புத்தரும் ஒரே வளவுக்கை. சண்டை சச்சரவு இல்லை," என்றார் என் கணவர்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில், இலங்கையில் மாத்தளையில் இருந்த மாமாவின் கடையைச் சிங்களவர் எரித்தார்கள். உடுத்த உடுப்போடு ஓடினோம். புத்தர் இருக்கிற வாசலை இனி மிதிப்பதில்லை என்று அன்றைக்கே நான் சபதம் எடுத்தேன். முப்பது வருடம் சிங்களத்தில் வியாபாரம் செய்த மாமாவும் அன்றோடு அந்தப் பாஷையை விட்டுவிட்டார். ஒரு சொல்கூட அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

இனி என்னுடைய பிழையைச் சொல்கிறேன். மாமாவுக்குச் சலரோகம். காலையில் இன்சுலின் ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். அன்றைக்கு ஐப்பசி வெள்ளி, முருகன் விரதம். எங்கள் வீட்டில் அந்த நாளில் சாமி கும்பிடாமல் வாயில் ஒன்றும் வைப்பதில்லை. கைப்பழக்கத்தில் நான் ஊசியைப் போட்டுவிட்டேன். போட்ட பிறகு, "கோயில் கிட்டத்தானே மாமா, கும்பிட்டிட்டு வந்து சாப்பிடுவம்" என்றேன்.

"நீ சொன்னாச் சரி பிள்ளை," என்றார்.

அங்கே கல்லால் கட்டின கிருஷ்ணர் கோயில் ஒன்று. மேலே ஏறித்தான் கும்பிட வேண்டும். மாமாவுக்கு முழங்கால் ஏலாது. செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரைக் கீழ்ப்படியில் இருத்திவிட்டுப் போனோம். மேலே சரியான சனம். நேரம் போய்விட்டது. இறங்கி வந்தபோது மூன்று சோடி செருப்பும் வைத்தபடி இருந்தன. மாமா இல்லை.

"உங்கினேக்கை, பக்கத்திலைதான் நிப்பார்," என்றார் கணவர். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஐயா காலமை சாப்பிட்டவரோ?"

"இல்லை."

"ஊசி?"

"போட்டனான்."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். சீனி இறங்கினால் மனிதருக்குத் தலை தடுமாறும், விழுவார், அப்படியே போய்விடவும் கூடும். மாமாவுக்கு இங்கிலிஷ் வராது. நாங்கள் தங்கின இடத்தின் பெயரும் தெரியாது. கணவர் பொலிஸைத் தேடி ஓடினார். நான் மாமாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒழுங்கைகளுக்குள் ஓடினேன்.

வெள்ளை வேட்டி, மொட்டைத் தலை என்று சைகையில் கேட்டேன். மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் ஒரு பக்கம் கையைக் காட்டினாள். போனேன். அங்கே ஒரு தாழ்வாசல். உள்ளே தூபியும் புத்தரும் தெரிந்தன. திரும்பிவிட்டேன். வேறு ஒழுங்கையால் சுற்றி வந்தேன், அதே வாசல். இன்னொரு பக்கத்தால் ஓடினேன். மூன்றாம் முறையும் அதே வாசலில்தான் வந்து நின்றேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. வாசற்கல்லில் இருந்துவிட்டேன். செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேன்.

"நல்லூர்க் கந்தா, விரதம் எண்டு சொல்லி ஒரு வயசு போன மனிசனைப் பட்டினி போட்டிட்டன். நான் உனக்கு என்ன அடியாள்? நீ எந்த வாசலைக் காட்டினாலும் போறன். அவரை உயிரோடை தா."

வாய் மூடவில்லை. உள்ளே மாமாவின் குரல் கேட்டது. "எப்பா! எப்பா!" என்று யாரோடோ மல்லுக்கட்டுகிறார். வேண்டாம், வேண்டாம் என்று. சிங்களத்தில்! பதினொரு வருடத்துக்குப் பிறகு!

குனிந்து உள்ளே போனேன். தூபிக்குப் பின்பக்கப் படியில் மாமா இருந்தார். முன்னால் செங்காவி உடுத்த ஒரு பிக்கு, கையில் உரித்த வாழைப்பழத்தோடு.

"வா பிள்ளை," என்றார் மாமா. "இந்தச் சாமி என்னை விடுறாரில்லை. சீனி கரைச்சுப் பருக்கிப்போட்டார். இப்ப பழமாம். மருமகள் கும்பிட்டிட்டு வராமல் தின்னமாட்டன் எண்டு சொன்னாக் கேக்கிறாரில்லை."

"கும்பிட்டாச்சு மாமா, தின்னுங்கோ," என்றேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்தப் பிக்கு லலித்பூரிலேயே பிறந்தவர். இளம் வயதில் ஒன்பது வருடம் இலங்கையில் படித்தவராம். தண்ணீர் தேடி எழும்பின மாமா, வழி தெரியாமல் அந்த வாசலில் விழுந்து கிடந்திருக்கிறார். நேபாளியில் கேட்டும் பேச்சில்லை, இங்கிலிஷில் கேட்டும் பேச்சில்லை. சிங்களத்தில் கேட்டபோதுதான் கண்ணைத் திறந்து, "ஊசி, சாப்பாடு இல்லை" என்றாராம். பிக்கு இன்னும் ஏதோ கேட்டார். மாமா எனக்குச் சொன்னார்:

"ஊசியைப் போட்டிட்டுப் பட்டினி போட்ட ஆள் ஆர் எண்டு கேக்கிறார். நான் காட்டிக் குடுக்கேல்லை."

நானே கைகூப்பி, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "நான்தான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு மற்றப் பழத்தை என்னிடம் நீட்டினார். என் விரதம் புத்தர் முன்னால்தான் முடிந்தது.

கனடா திரும்பி வந்த பிறகு, என் தையல் ஃபக்டரியில் பக்கத்து மெஷினில் இருந்த சிங்களப் பெண்ணுக்கு முதல்முறையாக வணக்கம் சொன்னேன். மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்தவள் நான். போன வருடம் மாமா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள்தான் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்தாள். முருகன் எனக்காக மாமாவுக்கு நாலு வருடம் கூட்டித் தந்தான். என் மாமா கடைசி வரைக்கும் இந்தக் கதையை வருகிறவர் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னார்.

ஒஷாவாவில் இருக்கும் என் மச்சாளும் இதைச் சொல்லித் திரிகிறா. ஆனால் அவவின் கதையில் பிக்கு இல்லை. திருநீறு பூசின சாமியார் ஒருவர் சூலத்தோடு வருகிறார்! கேட்டால், "அப்பிடிச் சொன்னாத்தான் மச்சாள் சனம் நம்பும்" என்கிறா. "முருகன் அனுப்பின ஆளை மாத்துறதுக்கு நீர் ஆர்?" என்று கேட்டேன்.

அடியார்களே, உங்களுக்கும் கஷ்டம் வந்தால் மனம் விட்டு அவனைக் கூப்பிடுங்கள். அவன் காட்டுகிற வாசல் உங்களுக்குப் பிடிக்காத வாசலாக இருந்தாலும் குனிந்து உள்ளே போங்கள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என் பிழையை மறைக்க வேண்டாம். பிக்குவின் காவியை மாற்ற வேண்டாம். மாமா பேசின பாஷையையும் மாற்ற வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.