வலது பாதம் பதிந்த ஓடு

எங்கள் நூறு வருஷ வீட்டின் பின்னால் புது அறை ஒன்று கட்டுகிறோம். அதற்குப் பழைய ஓடு தேடி இன்று கரியாஹாட் சந்தை தாண்டி ஒரு கடைக்குப் போனேன்.

"உங்க கூரைக்கு வாட்டம் பத்தாது தாதா. இந்த ஓடு போட்டா தண்ணி உள்ள வரும்" என்றார், நான் சொன்ன கூரை அளவைக் கேட்ட வங்காளிக் கடைக்காரர்.

சரியென்று கீழே வைக்கப் போனவன், கையிலிருந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன். சுடுவதற்கு முன் ஈரக் களிமண்ணில் மிதித்த ஒரு குழந்தையின் வலது பாதம்.

எங்கள் பழைய கூரையில் ஓர் ஓட்டில் இடது பாதம் இருக்கிறது.

வாங்கி வந்து அந்த ஓட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே அளவு. அதே மடங்கிய சுண்டுவிரல்.

மனைவி மெதுவாக, "கோகுலாஷ்டமிக்குப் பாதம் போடுவோமே, அது மாதிரி விரல் உள்பக்கம் பாக்க வைங்கோ" என்றாள்.

உள்ளே தண்ணீர் வரும் என்றுதான் கடைக்காரர் எச்சரித்தார், குழந்தை வரும் என்றல்ல.

நீங்களாக இருந்தால் விரலை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?