ஆறாம் கட்டிலின் பிரஷர்

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. எனக்கு நேர்ந்தது பட்டப்பகலில். மதியம் இரண்டு மணிக்கு மேல், நாலு மணிக்குள். வார்டில் பதினோரு நோயாளிகள் இருந்தார்கள். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வெளியே யாரோ ஸ்டார்ட் ஆகாத வண்டியை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். பதினாறு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். கதை கட்டிச் சொல்லி எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அந்த வார்டுக்கு நான் மாற்றலாகி வந்து நாலாவது நாள். ஆபரேஷன் முடிந்தவர்களை வைத்துப் பார்க்கும் வார்டு. மதியம் இரண்டு மணிக்கு, காலை ஷிஃப்ட் பார்த்த சின்ன நர்ஸிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டேன். பெரிய கண்ணாடி போட்டிருப்பாள். எல்லோரும் அவளைக் கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள்.

ஆறாம் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். முந்தைய நாள் வயிற்றில் ஆபரேஷன். அவருடைய சார்ட்டைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. காலை எட்டு மணிக்கு பிரஷர் நூற்றிருபது, எண்பது. ஒன்பதுக்கும் அதே. பத்துக்கும் அதே. மதியம் ஒரு மணி வரை ஒரு புள்ளிகூட ஏறவில்லை, இறங்கவில்லை.

உயிருள்ள மனிதனுக்கு அப்படி இருக்காது. இருமினாலே நாலு புள்ளி மாறும்.

"இதெல்லாம் அளந்தியா, இல்ல உக்காந்த இடத்துலயே எழுதிட்டியா?"

கண்ணாடியின் முகம் சிவந்துவிட்டது. "அளந்துதான்க்கா எழுதினேன். சத்தியமா."

நான் நம்பவில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவர்கள் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். அவளை வீட்டுக்குப் போகவிடாமல் மேஜையில் உட்காரவைத்துவிட்டு, பிரஷர் பார்க்கும் மானிட்டரைத் தள்ளிக்கொண்டு ஆறாம் கட்டிலுக்குப் போனேன்.

மணி இரண்டு ஐம்பது. அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினேன். கர்ர்ர் என்று காற்று ஏறியது... இறங்கியது.

நூற்றிருபது, எண்பது.

சரி, பெண் சொன்னது உண்மைதான் போல என்று திரும்பப் போனேன். அப்போது டிரைவர் கொட்டாவி விட்டார். உடனே இன்னொன்று. உதடு வெளுத்திருந்தது. நெற்றியைத் தொட்டேன். வியர்வையில் நனைந்து, ஜில்லென்று இருந்தது.

"காலைலேர்ந்து தண்ணி தண்ணின்னு கேக்கறாரு சிஸ்டர்," என்றார் அவர் மனைவி. "பேசிக்கிட்டே இருக்கும்போது தூங்கிடறாரு."

சிறுநீர்ப் பையைக் குனிந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு முப்பது மில்லியாவது இறங்கியிருக்க வேண்டும். அடியில் ஒரு ஸ்பூன் அளவுதான் இருந்தது.

இதெல்லாம் பிரஷர் இறங்கும்போது வருகிற அறிகுறிகள். உடம்புக்குள் ரத்தம் கசிந்தால் இப்படித்தான் ஆகும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதாது. கவனிக்காமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் ஆளே போய்விடுவார். ஆனால் மெஷின் மட்டும் அவர் நன்றாக இருக்கிறார் என்கிறது!

அடுத்த சந்தேகம் மெஷின் மேல். பட்டையை என் கையில் மாட்டிப் பார்த்தேன். நூற்றியாறு, எழுபது. எனக்கு எப்போதும் அவ்வளவுதான். மெஷினில் கோளாறு இல்லை. பட்டையைத் திரும்ப அவர் இடது கையில் மாட்டி அழுத்தினேன், மறுபடியும் நூற்றிருபது, எண்பது.

தலையணையை எடுத்துவிட்டு அவரை மட்டமாகப் படுக்கவைத்தேன். கால் பக்கத்தைத் தூக்கிவைத்தேன். சலைனை வேகமாக ஓடவிட்டேன். அப்போது டிரைவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"சிஸ்டர்... பக்கத்துல படுத்திருக்கறவர கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்க. இடிக்கிறாரு."

அது ஒற்றைக் கட்டில்.

அவர் மனைவி என்னைப் பார்த்தார். "மயக்கத்துல உளர்றாரும்மா," என்றேன். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

மணி மூன்று ஐந்து. கையால் அமுக்கிக் காற்றடிக்கும் பழைய கருவியை எடுத்து வந்தேன். அவர் வலது கையில் பட்டையைச் சுற்றினேன். ஸ்டெத்தைக் காதில் மாட்டி, காற்றை மெதுவாக இறக்கினேன்.

நூற்றிருபதில் சத்தம் ஆரம்பித்தது. தப்... தப்... தப்... பலமான, நிதானமான துடிப்பு. எண்பதில் நின்றது.

ஏனென்று தெரியாது, மறுபடியும் காற்றடித்தேன். இந்தத் தடவை கேட்டுக்கொண்டே, அவருடைய இடது மணிக்கட்டில் விரலை வைத்தேன்.

விரலில் நாடி நூல் மாதிரி ஓடியது. படபடவென்று. நிமிடத்துக்கு நூற்றிமுப்பதாவது இருக்கும்.

காதில்... தப்... தப்... தப்...

கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.

எழுபத்திரண்டு.

ஒரே மனிதனுக்கு இரண்டு துடிப்பு இருக்க முடியாது.

எனக்குக் காதில் கேட்டது அவருடையது இல்லை.

ஸ்டெத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு போனுக்கு ஓடினேன். டியூட்டி டாக்டர் எடுத்தார். "பிரஷர் எவ்வளவு?" என்றார். நூற்றிருபது என்றால் வரமாட்டார். ஆறு வார்டுக்கும் அவர் ஒருவர்தான்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக நோயாளியின் கணக்கில் பொய் சொன்னேன்.

"எழுபது, நாப்பது டாக்டர். சீக்கிரம் வாங்க."

மூன்று பதினேழுக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மானிட்டரைப் பார்த்தார். நூற்றிருபது, எண்பது. என் பக்கம் திரும்பினார்.

"பொய் சொன்னியா?"

"ஆமா டாக்டர். என்னை அப்புறமா திட்டுங்க. இப்ப அவர் கையப் பிடிச்சுப் பாருங்க. ஒரே ஒரு நிமிஷம்."

பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். பத்து விநாடி... பதினைந்து... அவர் முகம் மாறியது. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பலகை மாதிரி இறுகியிருந்தது.

"ஆபரேஷன் தியேட்டருக்கு! ஓடு!"

கண்ணாடி ஓடி வந்து கால் பக்கம் பிடித்தாள். மூவருமாகத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டோம். அவர் உடம்பு கட்டிலை விட்ட அதே நொடியில் மானிட்டர் தானாகக் கர்ர்ர் என்றது.

அறுபத்திரண்டு, முப்பத்திநாலு.

அலாரம் அலறியது.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வண்டியைத் தள்ளினோம்.

உள்ளே ரத்தக்குழாயில் போட்டிருந்த முடிச்சு நழுவியிருந்தது. ஒன்றரை லிட்டர் ரத்தம் வயிற்றுக்குள் தேங்கி நின்றதாம். பிழைத்துவிட்டார். ஒன்பதாம் நாள், மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் கண்ணாடியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா," என்றவள் அழுதுவிட்டாள். நடந்ததைக் கேள்விப்பட்ட தலைமை நர்ஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பதினொரு வருஷத்துக்கு முன்னாடி அதே கட்டில்ல ஒருத்தர் செத்தாரு. உள்ள ரத்தம் கசிஞ்சு. சார்ட்டுல கடைசி வரைக்கும் நூத்தி இருபது, எண்பதுன்னே எழுதியிருந்துச்சு. அளக்காம எழுதினான்னு அந்த நர்ஸ வேலைய விட்டு அனுப்பிட்டோம். அளந்தேன், காதால கேட்டேன்னு கதறினா. நாங்க யாரும் நம்பல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேலை போன அந்த நர்ஸைத் தேடிப் போனேன். ஒரு விடுதியில் துணி துவைக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். நீராவிக்கு நடுவே, போர்வைகளை மடித்துக்கொண்டே நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். ஆச்சரியப்படவே இல்லை. கடைசிப் போர்வையை அடுக்கில் வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"செத்தவரத் தூக்கிட்டுப் போனதுக்கு அப்புறம் நான் ஒரு காரியம் பண்ணினேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. காலி மெத்த மேல ஸ்டெத்த வச்சேன்."

நான் காத்திருந்தேன்.

"துடிச்சுது. நான் வச்ச எடத்துல இல்ல, கொஞ்சம் தள்ளி. ஸ்டெத்த நகத்தி நகத்திப் பாத்தேன்..."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"அது என் பக்கமா வந்துச்சும்மா."